இரவெல்லாம் ஒரே கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்: கவலையா, பல் தேய்ப்பா?

தறிவீட்டுப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்காக வாங்கிய சிரியன் ஹாம்ஸ்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி. பெண். வெள்ளையாக உருண்டு திரண்டு இருப்பதால் ஜவ்வரிசி என்று பெயர் வைத்தான். சேலத்துக்காரன் வேறு என்ன வைப்பான்!

வந்த புதிதில் கையில் வைத்த சூரியகாந்தி விதையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடும். கோடை தொடங்கியதில் இருந்து குணமே மாறிவிட்டது. இரவு எழுந்ததும் நேராகக் கூண்டின் இடது மூலைக்குப் போய், ஒரே கம்பியைக் கடிக்கத் தொடங்குகிறது. மூக்கின் மேல் முடி உதிர்ந்து தோல் தெரிகிறது. கூரைக் கம்பியில் தொங்கிவிட்டுத் தொப்பென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. கையை நீட்டினால் மல்லாந்து படுத்துக் கிரீச்சிடுகிறது. பகலில் கூட்டுக்குள் தூங்காமல் வெறும் பிளாஸ்டிக் தரையில் தட்டையாகக் கிடக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "எலிக்கு ஏது மனசு, தீனி போட்டால் போதும்" என்கிறார் மாமியார். பல் வளராமல் இருக்கக் கடிக்கிறது என்கிறார் கணவர். தனியாக இருப்பதால் ஏங்குகிறது, ஜோடி வாங்கித் தா என்று மகன் அழுகிறான். கடைக்காரரும் ஜோடி என்றுதான் சொல்கிறார். அவர் வேறென்ன சொல்வார்.

கம்பிக் கூண்டு இரண்டடி நீளம்கூட இருக்காது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். கூண்டு இருப்பது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டு விசைத்தறி, இரவு ஷிப்டும் ஓடும். எங்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. தறி நின்றால்தான் விழிப்பு வருகிறது.

இது நன்றாக இருக்கிறதா, வருந்துகிறதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஜோடி வாங்கலாமா?

லீ பஜார் தம்பி:

அக்கா, தாராளமாக வாங்குங்கள். நான் சின்ன வயதில் வெள்ளெலி ஜோடி வளர்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு அவ்வளவு ஒற்றுமையாக இருக்கும். தனியாக எந்த உயிர்தான் சந்தோஷமாக இருக்கும்?

பழைய விலங்குக்கூடத்துக்காரர்:

அம்மா, தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். தம்பி வளர்த்தது வெள்ளெலி, அதாவது வெள்ளை நிற எலி. அது கூட்டமாக வாழும் இனம். சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்த பிறகு தன் இனத்தில் இன்னொன்றைப் பார்த்தால் சண்டைதான். ஒரே கூண்டில் விட்டால் காலையில் ஒன்று காயத்தோடு இருக்கும், அல்லது உயிரோடு இருக்காது. மருந்தியல் கல்லூரி ஒன்றின் விலங்குக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சூரமங்கலத்தில் இருக்கிறேன். ஹாம்ஸ்டர் வந்தால் ஒன்றுக்கு ஒரு கூண்டு என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இதன் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ பக்கம். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அங்கே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்து, குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு தாயின் வழி வந்தவை. உங்கள் ஜவ்வரிசியும் அப்படித்தான். அந்த ஊரில் ஒவ்வொன்றும் தனி வளை தோண்டி, தனியாகத் தானியம் சேர்த்து, தனியாகத் தூங்கும். ஏங்குகிறது என்று உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால் அது ஏங்குவது துணைக்காக அல்ல, மண்ணுக்காக.

பல் விஷயம். பல் வளர்ந்துகொண்டே இருப்பது உண்மை. ஆனால் பல் தேய்க்க நினைக்கும் பிராணி குச்சியைக் கடிக்கும், கொட்டையை உடைக்கும், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசும். மூக்குத் தோல் போகும்வரை ஒரே கம்பியில் நிற்காது. அது வெளியே போக வழி தேடித் தேடி, கடைசியில் தேடுவதே பழக்கமாகிப் போன நிலை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் இதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். சில ஹாம்ஸ்டர்களுக்கு 10 செ.மீ. ஆழம், சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 80 செ.மீ. ஆழம் என்று தோண்டும் படுகை கொடுத்தார்கள். 10 செ.மீ. கூண்டில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. 80 செ.மீ. கொடுத்தவற்றில் கம்பி கடிப்பதே காணப்படவில்லை. கொஞ்சம் கொழுத்துப் போயின, அவ்வளவுதான். உங்கள் கூண்டில் இரண்டு விரல்.

மாமியாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் 2015இல் வெளியான ஆய்வு. ஓரிடத்தில் இனிப்புத் தண்ணீர், இன்னோரிடத்தில் கசப்புத் தண்ணீர் என்று ஹாம்ஸ்டர்களைப் பழக்கினார்கள். பிறகு குழாயை இரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களில் வைத்தார்கள். கூண்டில் கூடு கட்டவும் ஒளியவும் கடிக்கவும் கூடுதல் பொருள்கள் இருந்த காலத்தில், "இனிப்பாகத்தான் இருக்கும்" என்று நம்பிப் போனது அதிகம். பொருள்கள் இல்லாத காலத்தில் அந்தத் துணிச்சல் குறைவாக இருந்தது. சரிநடுவில் வைத்தபோது வித்தியாசம் இல்லை. சற்றுத் தள்ளி வைத்தபோது தெரிந்தது. நம்பிக்கை கூடுவதும் குறைவதும் மனசு இல்லாமல் எப்படி நடக்கும்? அவரிடமே கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முகத்தைப் பார்க்காதீர்கள், ஹாம்ஸ்டரின் முகம் எதையும் காட்டாது. இரவில் விளக்கைக் குறைத்துவிட்டு, அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். நிம்மதியான ஹாம்ஸ்டருக்கு வேலை ஓயாது: தோண்டும், முகரும், கன்னப்பையை நிரப்பி மூலையில் பதுக்கும், உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவும், எழுந்ததும் கொட்டாவி விட்டு உடம்பை நீட்டும். பயந்தது சிலையாக உறையும், வயிற்றைத் தரையோடு ஒட்டி நகரும், பல்லைக் கடகடக்கும், அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு ஓடும். மல்லாந்து கிரீச்சிடுவது திமிர் அல்ல, உச்சகட்ட பயம். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. கையைத் தரையோடு வைத்து, அது வந்து முகரட்டும். தூங்கும்போது எழுப்பவே கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தட்டையாகக் கிடப்பது மட்டும் மனக் கவலை இல்லை, வெயில். 20 முதல் 24 டிகிரிவரை அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் திணறும். சேலத்துச் சித்திரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாயகன்ற மண்பானை ஒன்றைப் பக்கவாட்டில் பாதி புதைத்து வையுங்கள். பானைக்குள் இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வீடு அதன் கால்தூசிக்கு ஆகாது. நேராக மின்விசிறிக் காற்று படக்கூடாது.

கூண்டை அந்தத் தறிச் சுவரில் இருந்து இன்றே நகர்த்துங்கள். நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். நீங்கள் பழகியதுபோல் அதுவும் பழகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தறியால் கூண்டு அதிர்வது தனிக் கொடுமை. டிவியும் வேண்டாம்.

மூன்றடிக்குக் குறையாத நீளமுள்ள பழைய மீன்தொட்டி கிடைத்தால் வாங்கி, மேலே கம்பிவலை போடுங்கள். அச்சடிக்காத காகிதத்தைக் கிழித்துக் காய்ந்த புல்லோடு கலந்து, ஒரு அடியாவது நிரப்பி அழுத்துங்கள்; அழுத்தினால்தான் சுரங்கம் நிற்கும். மரஅறுவை மில்லின் தூள் மூச்சைக் கெடுக்கும். பைன், தேவதாரு வாசனைச் சீவலும் ஆகாது. பஞ்சு வைத்தால் காலில் சுற்றிக்கொள்ளும். சக்கரம் முதுகு வளையாத அளவுக்கு, ஏறக்குறைய 28 செ.மீ. விட்டத்தில், கம்பி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். சலித்துக் காயவைத்த மணல் ஒரு தட்டில் இருந்தால் அதில் புரண்டு குளிக்கும். கிண்ணத்தில் தீனி வைப்பதை விட்டுவிட்டுக் கம்பு, தினை, சாமையைப் படுகை முழுக்கத் தூவுங்கள். தேடித் தின்பதுதான் அதற்குப் பிழைப்பு. சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். அதன் வாசனைதான் அதன் வீட்டு முகவரி; பழைய கூட்டில் ஒரு பங்கு எப்போதும் இருக்கட்டும்.

லீ பஜார் தம்பி:

ஐயா, நான் வெள்ளெலியையும் ஹாம்ஸ்டரையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். அக்கா, சாமையும் தினையும் எங்கள் கடையிலேயே இருக்கிறது. வெயிலுக்கு ஒரு மாதம் ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டில் விட்டால் என்ன?

ஏற்காடு மிளகுக்கொடி:

இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த உயிரைக் குலுக்கிக்கொண்டு வர வேண்டாம் தம்பி! புது இடம், புது வாசனை என்று அது இன்னும் மிரளும். இருக்கும் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள்.

மலையிலும் ஹாம்ஸ்டருக்குத் தொல்லை உண்டு. மார்கழியில் ஒருநாள் எங்களுடையது விறைத்துச் சுருண்டு கிடந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன் காப்பிச் செடிக்கு அடியில் குழியே வெட்டிவிட்டார். எனக்கு மனம் வராமல் மீசையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒருமுறை அசைந்தது. துணியில் சுற்றி உள்ளங்கைச் சூட்டிலேயே வைத்திருந்தேன். நடுங்கி நடுங்கி எழுந்துவிட்டது. குளிர், இருட்டு, தீனிக் குறைவு எல்லாம் சேர்ந்தால் இவை இப்படி உறக்கத்தில் போய்விடும். குளிர்காலத்தில் யாரும் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள்.

தறிவீட்டுப் பெண்:

ஐயா, நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டோம். கூண்டு உள்ளறைக்குப் போய்விட்டது. அச்சகத்தில் இருந்து வெள்ளைக் காகிதத் துண்டுகள் கிடைத்தன. முதல் இரவே பானைக்குப் பின்னால் ஒரு சுரங்கம், அதற்குள் சாமைக் கிடங்கு. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். மனசு இருக்கிறது என்று மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பகலில் ஜவ்வரிசிக்குப் பானைக்குள்தான் தூக்கம்.

ஆனால் மேல்வலையைப் பிடித்துக் கடிப்பது முழுதாக நிற்கவில்லை. விடியற்காலையில் கொஞ்ச நேரம் கடிக்கிறது. இடுப்பின் இரண்டு பக்கமும் கருப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. பழைய இருமல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? மல்கோவா ஒரு துண்டு தரலாமா என்று மகன் கேட்கிறான்.

பழைய விலங்குக்கூடத்துக்காரர்:

மாத்திரையைத் தொடாதீர்கள் அம்மா. இருமலுக்கு நமக்குத் தரும் மாத்திரைகளில் ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம். அமாக்சிசிலின், பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் நமக்கு நல்லது செய்யும்; ஹாம்ஸ்டரின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். இடுப்பின் கரும்புள்ளி புண் அல்ல, வாசனைச் சுரப்பி. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பெரிதானாலோ, வால் பக்கம் ஈரமாகி வயிற்றுப்போக்கு வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பு ஒருநாள் தாமதத்தைத் தாங்காது. பக்கத்தில் பார்ப்பவர் இல்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

நாள்பட்ட கடிக்கும் பழக்கம் காரணம் போன பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டாதீர்கள், வலையைத் தட்டாதீர்கள். அந்த நேரத்தில் புதிதாகத் தோண்ட ஒரு மூலை, உரிக்க ஒரு வேர்க்கடலை என்று கொடுத்துப் பாருங்கள். மூக்கில் முடி முளைக்கத் தொடங்கினால் சரியான வழியில் போகிறீர்கள்.

மல்கோவா நகக்கண் அளவு போதும், அதுவும் எப்போதாவது. மிச்சத்தைக் கன்னப்பையில் கொண்டுபோய்ப் பானைக்குள் ஒளித்துவைக்கும், மறுநாள் அழுகும். மறக்காமல் எடுத்துவிடுங்கள்.