தாய்க்கு எண்டோமெட்ரியோசிஸ்: மகளுக்கு ஜீன் டெஸ்ட் பயன்படுமா? சி.ஆர்.பி. நார்மல் என்றால் அழற்சி இல்லையா?

வெண்பனி (கேள்வி)
தாய்க்கு லேப்ராஸ்கோப்பியில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உறுதியாகியிருக்கிறது. மகளுக்கு வயது 19. மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் கடும் வலி, மலம் கழிக்கும்போதும் வலி. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் நார்மல், வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனும் நார்மல். ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரியுமா? இது அழற்சி நோய் என்றால் ரத்தத்தில் ஏன் காட்டவில்லை?

மரபணுமேசை
பரம்பரைக்குப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது. ஆனால் ஒரே ஒரு ஜீன் கெட்டு வருகிற நோய் அல்ல. 2023-இல் வெளியான ஆய்வு சுமார் 60,000 நோயாளிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, தொடர்புடைய 42 இடங்களைக் கண்டது. இந்த நோய் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில், அத்தனையையும் கூட்டினாலும் 5 சதவீதத்துக்குத்தான் விளக்கம் கிடைக்கிறது. ஆகவே ஜீன் டெஸ்ட் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

அந்த இடங்களில் இருப்பவை என்ன என்பது முக்கியம்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான இ.எஸ்.ஆர்.1, கருப்பை உருவாவதில் பங்குள்ள டபிள்யூ.என்.டி.4, நரம்பு வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப். ஒற்றைத் தலைவலி, முதுகுவலி ஆகியவற்றோடும் மரபணுப் பொதுமை தெரிந்தது. ஆழமான புண் திசுக்களில் (கருப்பைக்கு வெளியே வளர்ந்த அந்தத் திசுவைத்தான் புண் என்கிறோம்) காணப்படும் கே-ராஸ் என்ற ஜீனின் மாற்றம் வேறு வகை. அது திசுவிலேயே பின்னால் உண்டாவது, தாயிடமிருந்து வந்ததல்ல.

அழற்சிப்பிரிவு
இங்கே அழற்சி பெரும்பாலும் இடுப்புக்குழிக்குள்ளேயே நடக்கிறது. சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகிறது, உடல் முழுவதும் பரவும் அளவுக்குச் சைகை போனால்தான் ஏறும். நார்மல் சி.ஆர்.பி. இந்த நோயை விலக்காது.

மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். சிலரிடம் அதிலுள்ள செல்களை மேக்ரோஃபேஜ்கள், என்.கே. செல்கள் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்கள் சரியாக அகற்றுவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் ஐ.எல்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிச் சைகைப் புரதங்களைச் சுரக்க, காக்ஸ்-2 நொதி பெருகி, வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் இ2 கூடுகிறது. அது ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியைத் தூண்டுவதால் புண் தானே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிறது, அந்த ஈஸ்ட்ரோஜன் காக்ஸ்-2-ஐ மறுபடி ஏற்றுகிறது. இந்தச் சுழற்சிதான் நோயின் மையம். புரோஜெஸ்டரோனுக்குத் திசு சரிவரப் பதில் சொல்லாததால் இயல்பான கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது.

ஒரு கண்ணியை மட்டும் அறுத்தால் போதாது. டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில் வலி குறையவில்லை.

வெண்பனி
சி.ஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா? வலி மாத்திரை போட்டும் கேட்கவில்லையே?

மருந்துமேசை
சி.ஏ-125 வேண்டாம். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும், மாதவிடாயின்போது மற்றவர்களுக்கும் ஏறும். நோயைக் கண்டறிய ரத்தக் குறியீடுகளைப் பயன்படுத்தாதீர்கள் என்றே எஷ்ரேயின் (ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம்) 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது.

வலி மாத்திரை கேட்காததற்குப் பல நேரம் காரணம், தாமதமாகப் போடுவது. இப்யூபுரோஃபென் புதிய புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அழிக்காது. ரத்தப்போக்குக்கு முந்தைய நாளே, அல்லது முதல் அறிகுறியிலேயே தொடங்கி, 400 மி.கி. வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டோடு 2, 3 நாள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தால் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால் புரோஜெஸ்டரோன் வகை ஹார்மோன் மாத்திரையான டயனோஜெஸ்ட் 2 மி.கி. தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற திட்டு ரத்தம் வரும். அதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள், பலன் தெரிவதற்கு முன்பே. மனச்சோர்வு தென்பட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

மேலோட்டமான புண் எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். மலம் கழிக்கும்போது வலி என்பதால் ஆழமான புண்ணைத் தேட வேண்டும்: பயிற்சி பெற்றவர் பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேன், அது பொருந்தாவிட்டால் எம்.ஆர்.ஐ. போகும்போது மூன்று மாதக் குறிப்பு கையில் இருக்கட்டும்: வலி வந்த நாள், 10-க்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் உண்டா. தாயின் லேப்ராஸ்கோப்பி ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்துப் போங்கள்.