பழப் படத்துக்குப் பின்னால் வானம் ஏன்?

தலவாக்கலை டீச்சர்:
தரம் 10 பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். அல்பர்ட் எக்ஹவுட் என்ற ஒல்லாந்து ஓவியர் 17ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் பழங்களை வரைந்த படம் ஒன்றைப் போனில் காட்டினேன். அன்னாசி, அறுத்து வைத்த தர்ப்பூசணி எல்லாம் இருக்கும். பிள்ளைகள் "வடிவா இருக்கு டீச்சர்" என்பதோடு நின்றுவிட்டார்கள், ஒருத்தி மட்டும் "பழத்துக்குப் பின்னால வானம் ஏன்?" என்று கேட்டாள். இந்தப் படத்தை எப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது?

பண்டாரவளைக்காரன்:
அந்தப் பிள்ளை கேட்டதிலிருந்தே தொடங்குங்கள் டீச்சர். அதே காலத்து ஒல்லாந்துப் பழப் படங்களில் பெரும்பாலும் அறையின் இருட்டுதான் பின்னணி. எக்ஹவுட் பழங்களைத் தாழ்வான ஒரு திட்டில் அடுக்கி, பின்னால் மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் விட்டுவிட்டார், நம் கண்ணும் அந்தத் திட்டின் உயரத்திலேயே நிற்கிறது, அதனால்தான் ரோட்டில் நின்று மலையை அண்ணாந்து பார்ப்பது போல அன்னாசி அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அப்புறம் நிறம். சாம்பல் நீல மேகத்துக்கு முன்னால் தர்ப்பூசணியின் சிவப்பு முன்னுக்கு வந்து நிற்கும். வகுப்பின் அரைச்சுவரில் ஒரு அன்னாசியை வைத்துப் பிள்ளைகளைத் தரையில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மாத்தளை வாசகி:
அறுத்த பழத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். தோல், சதை, விதை மூன்றும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். ஒல்லாந்தர் பிடித்து வைத்திருந்த பிரேசிலுக்கு 1637இல் ஆளுநராகப் போன ஜோஹான் மௌரிட்ஸ், அந்த நாட்டின் செடி கொடி, விலங்கு, மனிதர் எல்லாவற்றையும் பதிவுசெய்ய ஓவியர்களையும் அறிஞர்களையும் கூட வைத்திருந்தார். எக்ஹவுட் அவர்களில் ஒருவர்.

பதுளை அண்ணன்:
எனக்கும் பிடித்த படம். ஆனால் அந்தப் பழங்களைப் பறித்த கை எங்கே என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள் தங்கச்சி. அந்த நாடு பிழைத்தது சீனியில், கரும்புத் தோட்டத்தில் பாடுபட்டது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள். தர்ப்பூசணியே ஆப்பிரிக்காவின் பழம்தான். எக்ஹவுட் 1641இல் வரைந்த ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் படம் இருக்கிறது, பக்கத்தில் பிள்ளை, அவள் கையில் பழக்கூடை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டி வராது. இரண்டுமே கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மௌரிட்ஸ் 1654இல் டென்மார்க் அரசருக்குக் கொடுத்தவை.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி அண்ணா, இரண்டையும் பிரின்ட் எடுக்கிறேன். இன்னொன்று, பிள்ளைகள் அன்னாசியின் கண்களை ஒவ்வொன்றாக வரைந்து களைத்துப்போகிறார்களே?

பண்டாரவளைக்காரன்:
கண்ணை முதலில் வரைய விடாதீர்கள். கண்கள் சுருளாகத்தான் ஏறும். இடமும் வலமும் சாய்ந்து ஏறுகிற வளைகோடுகளை மெல்லிசாகப் போட்டால் கண்களுக்கான கட்டங்கள் தானாக விழும். வெளிச்சம் படுகிற பக்கத்துக் கண்களை மட்டும் தெளிவாகத் தீட்டினால் போதும்.