தொகுதி மாறியவருக்கு ஆறா, எட்டா?

மாடிக் குடித்தனம்:
ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்னைப் புறநகருக்குக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. வாக்காளர் பட்டியலில் என் கணவர் பெயரை இந்தத் தொகுதிக்கு மாற்றலாம் என்று ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனோம். மேசையில் இருந்தவர், "வேறு தொகுதி என்றால் படிவம் 6தான்" என்று தாளை நீட்டினார். கடைசிப் பக்க உறுதிமொழியைப் படித்ததும் என் கணவர் பேனாவை மூடிவிட்டார். முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன், வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று அதில் இருக்கிறது. முப்பது வருடமாக ஓட்டுப் போடுகிறவர் அதற்கு எப்படிக் கையெழுத்திடுவார்?

இன்னொன்று. ஆதார் எண்ணைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. எண்ணை எழுத ஒரு கட்டம், ஆதாரே இல்லை என்று சொல்ல ஒரு கட்டம். "இருக்கிறது, தர விரும்பவில்லை" என்பவருக்கு இடமே இல்லை. மகளுக்கு வருகிற மே 20 அன்று 18 முடிகிறது. அவள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
உங்கள் வீட்டுக்காரர் பேனாவை மூடியது நல்லதாயிற்று. பதினோரு வருடம் வாக்குச்சாவடி நிலை அலுவலராகத் தெருத் தெருவாக நடந்தவள் நான். முன்பெல்லாம் தொகுதி விட்டுத் தொகுதி போனால் 6, அதே தொகுதிக்குள் வீடு மாறினால் 8ஏ, பிழை திருத்தத்துக்கு 8. என் துணிப்பையில் இத்தனை கட்டும் இருக்கும். பாதி வீடுகளில் தப்பான தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போவேன்.

2022 ஆகஸ்ட் 1 முதல் 8ஏ கிடையாது. எந்தத் தொகுதிக்கு மாறினாலும் படிவம் 8தான். பிழை திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் அதற்குள்ளேயே. 6 புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும். அவர் அதில் கையெழுத்திட்டிருந்தால் பொய் உறுதிமொழி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மேசைக்காரரைத் திட்டாதீர்கள், பழைய பழக்கம் கையில் ஊறியிருக்கும்.

மகளுக்குக் கவலை வேண்டாம். 18 முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்த காலத்தில், ஜனவரி 2 பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்கும். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாள்கள். உங்கள் மகள் ஜூலைக் கணக்கில் வருவாள். 17 முடிந்திருப்பதால் இப்போதே படிவம் 6 கொடுத்து வைக்கலாம்.

கணக்கன்:
ஆதாரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் ஓட்டு இருப்பது அப்போதுதான் தெரியும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, நான் பார்த்த இரட்டைப் பதிவில் பெரும்பாலானவை கட்டிக்கொடுத்த பெண்களுடையவை. புகுந்த ஊரில் சேர்ந்திருப்பாள். பிறந்த வீட்டிலோ, "அவள் பெயர் இங்கேயும் இருக்கட்டுமே, எடுக்க மனசு வரவில்லை" என்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் பெயர் நீக்கும் படிவம் 7 வாங்குவேன்.

கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். ஆனால் ஆதார் எண் தர இயலாததற்காக யாரையும் சேர்க்க மறுக்கவோ நீக்கவோ கூடாது என்று 2021 தேர்தல் சட்டத் திருத்தமே சொல்கிறது. போதிய காரணம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. படிவத்தில் அச்சடித்த காரணமோ ஒன்றே ஒன்று: ஆதார் இல்லை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் ஆணையமே, வாக்காளர் பதிவு விதிகளின் 26பி விதிப்படி ஆதார் எண் கட்டாயமில்லை, படிவங்களில் விளக்கமான மாற்றம் செய்வதைப் பரிசீலிக்கிறோம் என்றது. அதற்குள் 66 கோடிக்கு மேல் எண்கள் பதிவாகிவிட்டன. விருப்பத்தோடு கொடுத்தவர்கள் எத்தனை பேர், வேறு கட்டம் இல்லாமல் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பிரிக்க முடியுமா, கணக்கரே?

மாடிக் குடித்தனம்:
நன்றி டீச்சர். படிவம் 8 வாங்கிவந்தோம். அதிலும் அதே இரண்டு கட்டம். பொய்யும் எழுத மாட்டேன், எண்ணும் தர மாட்டேன் என்று இரண்டையும் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறார். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் படிவத்தில் பன்னிரண்டு இலக்கத்தையும் பார்க்காமலே எழுதிவிட்டாள். அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு நாளாகப் பேச்சில்லை.