மறு: மறு: டீகமிஷனிங் – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ந. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். மாணவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக என்.எஸ். சவன்னா கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பல், 1959இல் நீரில் இறங்கியது. கட்டுரையில் 'டீகமிஷனிங்' பதினேழு இடத்தில் வருகிறது. 'பணிநீக்கம்' என்று போட்டுப் பார்த்தேன். கப்பல் கையாடல் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. விராட் என்ற நம் விமானந்தாங்கிக் கப்பலுக்குச் செய்தித்தாள்கள் எழுதிய 'ஓய்வு' போதுமா? வெள்ளிக்கிழமை அச்சு.

செ. எழுதியது:
போதாது தம்பி. விராட் 2017இல் ஓய்வு பெற்றது, பிறகு குஜராத்தின் ஆலங் கப்பல் உடைப்புத் தளத்தில் உடைபட்டது, அத்தோடு சரி. சவன்னாவில் எரிபொருளை இறக்கியது 1971இல். உலையின் அழுத்தக்கலனை, அதாவது எரிபொருள் இருந்த கனத்த எஃகுப் பாத்திரத்தை, தூக்கி வெளியே எடுத்ததோ 2022 நவம்பரில், பால்ட்டிமோரில். அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணையத்தின் விதிப்படி இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை: பயன்பாட்டிலிருந்து விலக்குவது, எஞ்சிய கதிரியக்கத்தைக் குறைப்பது, உரிமத்தை முடிப்பது. நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டுமானால், பின்னால் அங்கே புழங்குகிறவர் மேல் எஞ்சிய கதிரியக்கத்தால் படும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டைத் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக்கூடாது. 'ஓய்வு', 'செயல்நீக்கம்' இரண்டும் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன.

இடையில் சும்மா கிடந்த காலத்துக்கும் சொல் வேண்டும், ஆங்கிலத்தில் 'சேஃப்ஸ்டோர்'. அது சோம்பேறித்தனம் இல்லை. உலை எஃகில் உண்டாகும் கதிரியக்கக் கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டு. ஐம்பது ஆண்டில் ஏறத்தாழ எழுநூற்றில் ஒரு பங்காகிவிடும், உலையை வெட்டுகிற தொழிலாளி மேல் அதனால் படும் காமாக் கதிரும் அந்த அளவு இறங்கும். அதே எஃகிலுள்ள நிக்கல்-63 நூறாண்டு அரை ஆயுளோடு பெரும்பகுதி அப்படியேதான் கிடக்கும், ஆனால் அது விடுவது மெலிந்த பீட்டாக் கதிர், எஃகைத் தாண்டி வராது. இஷ்டத்துக்குக் காத்திருக்கவும் முடியாது. நிறுத்தியதிலிருந்து 60 ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும், சவன்னாவுக்கு அது 2031.

பூ. எழுதியது:
அதற்குச் சொல் அடுப்படியிலேயே இருக்கிறதே: ஆறப்போடுதல். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்திருக்கிறார்கள்.

அடுத்த கட்டத்துக்கு 'கறைநீக்கம்' என்று போடலாமா?

செ. எழுதியது:
பாதிக்குப் பொருந்தும். குழாயின் உட்புறம் ஒட்டியிருப்பது கறை. தேய்க்கலாம், கழுவலாம், நூறு சதுர சென்டிமீட்டர் துடைத்தெடுத்து எண்ணிப் பார்க்கலாம். உலைக்கலனின் எஃகு அப்படியல்ல. நியூட்ரான் பட்டுப் பட்டு உலோகமே கதிரியக்கமாகிவிட்டது. அதைக் கழுவ முடியாது, கழற்றி அப்புறப்படுத்தத்தான் முடியும். கறை வேறு, ஊறல் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், பையன் ஏன் சோப்புப் போட்டுக் கழுவவில்லை என்று கேட்பான்.

இரா. எழுதியது:
ஆன்றோரே, சொல் நம் கையிலேயே இருக்கிறது: 'கழிகலம்'. புறநானூறு 261இல் ஆவூர் மூலங்கிழார் 'கழிகல மகடூஉ' என்கிறார், அணிகலன் களைந்த பெண். கலம் கப்பலும் ஆகும், அணியும் ஆகும், பாண்டமும் ஆகும். சவன்னா என்ன செய்தது? தன்னுள் இருந்த அழுத்தக்கலனைக் கழித்தது. கலத்தைக் கழித்த கலம்! ஆங்கிலக்காரனுக்கும் கப்பல், உலைக்கலன் இரண்டும் 'வெசல்'தான், ஆனால் இந்த நயம் அவனுக்குக் கிட்டவில்லை. நன்னூல்படி 'கழி' மிகுதி குறிக்கும் உரிச்சொல்லும் ஆகும், 'கழிபேருவகை' போல. எனவே பெருங்கலம் என்றும் விரியும்.

பூ. எழுதியது:
ஐயா, அந்தப் பாட்டில் கழிகல மகடூஉ கைம்பெண். தலைவனை இழந்து பொலிவற்ற வீட்டுக்கு உவமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவா? அதைவிட, அணுக்கழிவு பற்றிய கட்டுரையில் 'கழிகலம்' என்றால் கழிவு அடைத்த பீப்பாய் என்றுதான் படிப்பார்கள். பிறகு கழிகலத்தை அருங்காட்சியகமாக்கலாம் என்று எழுதினால் ஊரே ஓடிவிடும்.

இரா. எழுதியது:
பொருள் விளங்காதவர் அகராதி பார்க்கட்டும். எளிமை எளிமை என்றுதான் தமிழ் இந்த நிலைக்கு வந்தது.

கு. எழுதியது:
எல்லோரும் கப்பல் ஓய்வு பெற்றதாகவே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஜெர்மனியின் அணுக்கப்பல் ஓட்டோ ஹான் உலையைக் கழற்றி டீசல் பொருத்திக்கொண்டு சரக்கு ஏற்றியது. ஜப்பானின் அணுக்கப்பல் முட்சு உலையை இறக்கிவிட்டு மிராய் என்ற ஆய்வுக் கப்பலாகியது. முட்சுவில்தானே 1974இல் நியூட்ரான் கசிந்தபோது சோற்றில் போரான் கலந்து அடைக்கப் பார்த்தார்கள்! போரான் நியூட்ரானை விழுங்கும், சோறு பசை. ஆக விலகுவது உலை, கப்பல் அல்ல. 'உலைநீக்கம்' என்பேன்.

செ. எழுதியது:
சோற்றை விட்டுச் சொல்லுக்கு வருவோம். உலைநீக்கம் கப்பலுக்குச் சரி. கூடங்குளம் மாதிரி நிலத்து நிலையத்துக்கு வராது, அங்கே உலையோடு கட்டடமும் போகும். இதழில் நாளை அதைப் பற்றியும் கட்டுரை வரும்.

இன்னொன்று, தம்பி. வரைவில் 'பாதுகாப்பு' நான்கு பொருளில் வருகிறது: விபத்துத் தடுப்பு, காவல், கதிர்த் தடுப்பு, மரபுச் சின்னத்தைக் காப்பது. சவன்னா 1991 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். முப்பது பயணியர் அறையும் உணவுக்கூடமும் பழுதாகாமல், நடுவயிற்றிலிருந்து மட்டும் உலையை எடுப்பதுதான் சிக்கலே. அதற்குப் 'பேணல்' போடுங்கள். ஈயம், கான்கிரீட், பாலிஎதிலீன் அடுக்குக்குக் 'கதிர்த்தடுப்பு'. 'பாதுகாப்பு' விபத்துத் தடுப்புக்கு மட்டும் இருக்கட்டும்.

ந. எழுதியது:
அனைவருக்கும் நன்றி. பொதுச்சொல்லாகச் 'செயல்நீக்கம்', முதல் இடத்தில் மூன்று வேலையையும் விளக்கி ஒரு வரி. சவன்னாவின் கலன் எடுத்த கட்டத்துக்கு 'உலைநீக்கம்', சேஃப்ஸ்டோருக்கு 'ஆறப்போடுதல்'. ஆசிரியர் கடைசியை 'ஆறவைப்பு' என்று மாற்றிவிட்டார், பேச்சுவழக்காக இருக்கிறதாம்.

பூ. எழுதியது:
மாற்றாமல் இருந்தால்தான் வியப்பு.

இரா. எழுதியது:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது 'கழிகலம்' வரட்டும். 'செயல்நீக்கம்' இருபெயரொட்டா, வேற்றுமைத் தொகையா என்று தனி இழையில் எழுதுகிறேன்.