கிளப்போடு முதல் சவாரி, பின்தங்கினால் என்ன ஆகும்?

கேள்வி:
வணக்கம். ஆறு மாதமாகத் தனியாகத்தான் சைக்கிள் ஓட்டுகிறேன், டர்பன் கடற்கரைப் பாதையில் புளூ லகூன் வரை போய்த் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த் நண்பர்களின் கிளப்போடு போக ஆசை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

பதில் 1:
தம்பி, கிளம்பும் முன்னே கேட்டுவிடுங்கள், ஏற்றத்தின் உச்சியில் நின்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகிற குழுவா, வேகக் குழுவா என்று. முதல் வகைதான் உங்களுக்கு. என் முதல் சவாரியில் முன்னே போனவர் சொல்லாமல் பிரேக் பிடித்தார், என் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் உரசி, முழங்கைத் தோல் உரிந்து மூன்று வாரம் எரிந்தது. இடைவெளி விடுங்கள். குழியைக் கையால் காட்டினால் பின்னால் வருபவருக்கும் காட்டுங்கள்.

பதில் 2:
ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம், சாலையில் ஒருவர் பின் ஒருவராகப் போவதும் அப்படித்தான். அப்புறம், ஒரு உதிரி டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு வரும் அமஷோவா சைக்கிள் பந்தயம், 106 கிலோமீட்டர், ஒருநாள் ஓட்ட வேண்டும்.

பதில் 1:
கட்டாயம் ஓட்டுவீர்கள். ஞாயிறு வாருங்கள், கடைசி ஆளோடு நான் வருகிறேன்.