சைவ வீட்டுக்கு ஏற்றது இகுவானாவா, தாடி ஓணானா?

மாடித்தோட்டம்:
வெட்டுக்கிளி, புழு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே இலை தின்னும் பெரிய பல்லியினமான பச்சை இகுவானாவின் குஞ்சு வாங்க எண்ணுகிறேன். பசலைக்கீரை மட்டும் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். அனுபவமுள்ளோர் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வெயில்நேசன்:
வேண்டாம். விற்கும்போது ஒரு சாண் நீளமிருக்கும் அந்தக் குஞ்சு, நன்கு வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தொடும். அதற்குக் கூண்டு போதாது, அறையே வேண்டும். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் இகுவானா சோறு போட்டவரையே கடிக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் இரண்டடியைத் தாண்டுவது அரிது, நான்கடிக் கூண்டில் அடங்கிவிடும். குஞ்சுப் பருவத்தில்தான் அதற்குப் பூச்சி மிகுதியாகத் தேவை. வளர்ந்தபின் உணவில் பெரும்பகுதி இலைதான்.

கீரைக்கட்டு:
பெரும்பகுதி என்றால் முழுவதும் அல்ல, நண்பரே. வளர்ந்த தாடி ஓணானுக்கும் பூச்சி கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பூச்சிகளிலோ சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம் என்பதால், கால்சியம் பொடியில் புரட்டாமல் போடவும் கூடாது. இகுவானாவுக்கு இந்தத் தொல்லை குறைவு: முருங்கை இலை, அகத்தி, செம்பருத்தியின் இலையும் பூவும், இடையிடையே பூசணித் துருவல். கடைக்காரர் சொன்ன பசலையை மட்டும் அன்றாட உணவாக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. விரைவில் வளரும் என்று நம்பி அவித்த முட்டை ஊட்டுவோரும் உண்டு. அதன் சிறுநீரகம் அதைத் தாங்காது.

வெயில்நேசன்:
கீரைப் பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலையில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்தாலும், புற ஊதா பி கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவாகாவிட்டால் அது எலும்பில் சேராது. சன்னல் கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும். கீழ்த்தாடை வீங்கி, விரலால் அழுத்தினால் ரப்பர்போல் வளையும் இகுவானாக்களில் பல, இலை நிறையத் தின்றவைதாம்.

கீரைக்கட்டு:
அது தாடி ஓணானுக்கும் பொருந்தும் நியாயம்தானே? நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பாதி நிழலுள்ள கம்பிவலைக் கூண்டைக் காலையில் மொட்டைமாடியில் வைத்தால், புற ஊதாக் கதிர் தரும் விளக்குக்குச் செலவிடுவது பெருமளவு குறையும். (கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது வெந்துவிடும்.) வறண்ட நிலத்துத் தாடி ஓணானைவிட, ஈரக்காட்டு இகுவானாவுக்கே சென்னையின் புழுக்கம் ஒத்துப்போகிறது.

சட்டம்தெரிந்தவர்:
இகுவானா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி அதை வைத்திருப்பதைப் பதிவுசெய்ய வேண்டும். விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள்.

மாடித்தோட்டம்:
எங்கள் வீட்டில் அறை ஒதுக்க இடமில்லை. அம்மாவோ பூச்சிக்கு இசையமாட்டார். இரண்டில் எது சற்றேனும் தளரும் என்று பார்த்துவிட்டே கடைக்குப் போவேன்.

வெயில்நேசன்:
அம்மாவிடம் பேசிப் பாருங்கள். சுவரைத் தள்ளிவைக்க முடியாது.