ஆச்சி அறைக்கு ஒரு டிவி

குழு: டவுண் வீடு (பெயர்கள் நான் அழைக்கும் முறைப்படி. ஆச்சி இரண்டு மாமாக்களுக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் தாய். முத்து பெரிய மாமாவின் மகன்.)

சின்ன மாமா: அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்றாமே. இன்னும் எத்தனை நாள் அந்த உள்ளறையில், அரங்கு வீட்டிலேயே படுக்கை?

பெரிய அத்தை: ஆறு வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போய்வருகிறார்கள். அதற்கே மூச்சு வாங்குகிறது.

சின்ன மாமா: அப்படியானால் டிவி வைத்தே ஆகவேண்டும். முன்கூடமான பட்டாசாலை, உள்ளே அரங்கு வீடு, மேலே மச்சு மூன்றுக்கும் ஒரே டிஷ்ஷிலிருந்து இணைப்பு கொடுத்துவிடலாம். மூன்று அறை, மூன்று டிவி. பணம் நான் அனுப்புகிறேன்.

முத்து: மச்சுக்கும் சேர்த்தா! நன்றி சித்தப்பா.

பெரிய அத்தை: மச்சுக்கு வேண்டாம். முத்து பன்னிரண்டாம் வகுப்பு.

சித்தி: மதினி, அம்மா சாப்பிட்டாளா?

பெரிய அத்தை: இரண்டு இட்லி. சொதி கேட்டார்கள். நாளை வைக்கிறேன்.

பெரிய மாமா: பணம் அனுப்புவது எளிது. மொட்டைமாடியில் ஏறி நிற்பது யார்?

சின்ன மாமா: அண்ணா, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

அம்மா: இரண்டு பேரும் இப்போது ஆரம்பிக்க வேண்டாம்.

அப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கிக் கம்பியில் அனுப்புகிறதே, அதற்கு எல்என்பி என்று பெயர். நம் வீட்டில் இருப்பது ஒற்றை வாய் உள்ளது. ஒரு செட்டாப் பாக்ஸ் பெட்டிக்கு ஒரு கம்பிதான். கடையில் விற்கும் சாதாரணப் பிரிப்பானைப் போட்டு அதையே இரண்டாகப் பிரித்தால் சரிப்படாது. ஏனென்றால் செட்டாப் பாக்ஸ்தான் அந்தக் கம்பி வழியாக 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ மேலே அனுப்பி, செங்குத்து அலை வேண்டுமா கிடைமட்ட அலை வேண்டுமா என்று கேட்கிறது. ஒரு பெட்டி 13 கேட்கும் நேரத்தில் இன்னொரு பெட்டி 18 கேட்டால், ஒரு டிவியில் பாதி சேனல்கள் வராது. ஆகவே இரட்டை வாய் எல்என்பி போட்டு, அங்கிருந்து அரங்கு வீட்டுக்குத் தனிக் கம்பி இறக்க வேண்டும். மூன்று டிவி என்றால் நான்கு வாய் உள்ளதாக வாங்க வேண்டும்.

முத்து: ஒரே பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ பிரித்தால் போதாதா மாமா?

அப்பா: படம் இரண்டு டிவியிலும் வரும். ஆனால் ஒரே சேனல்தான். நீ கிரிக்கெட் வைத்தால் ஆச்சியும் கிரிக்கெட்தான் பார்க்க வேண்டும்.

பெரிய அத்தை: ஏற்கெனவே அதற்குத்தான் சண்டை.

சித்தி: அத்தான், அந்தச் சுவரையா துளைப்பது? சுண்ணாம்புச் சுவர்.

அப்பா: இரண்டேகால் அடி கனம். அளந்திருக்கிறேன்.

பெரிய மாமா: எப்போது அளந்தீர்கள் மாப்பிள்ளை?

அப்பா: பாகம் பிரித்தபோது அத்தான்.

அம்மா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

முத்து: கம்பியே வேண்டாம். வைஃபை போதும்.

நான்: அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வராது முத்து. போன வாரம் ஆச்சிக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புகைப்படம் அனுப்ப முற்றத்துக்கு எழுந்து வரவேண்டியிருந்தது.

சித்தி: பேசாமல் கட்டிலையே பட்டாசாலைக்குக் கொண்டுவந்தால் என்ன?

பெரிய அத்தை: கழிவறை அரங்கு வீட்டை ஒட்டித்தானே இருக்கிறது. இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார்கள். நான்தான் கூடவே போகிறேன்.

சித்தி: மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

பெரிய அத்தை: பரவாயில்லை.

சின்ன மாமா: அரசு கொடுத்த 14 அங்குல டிவி மச்சில் கிடக்குமே. இப்போதைக்கு அது?

பெரிய மாமா: அது ஓடி எத்தனை வருடம் ஆகிறது! அதன்மேல்தான் கொலுவுக்குச் செட்டியார் பொம்மை உட்காருகிறார்.

அம்மா: அது வந்த அன்று அப்பா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். நினைவிருக்கிறதா?

சித்தி: திரையிலேயே வைத்துவிட்டார்கள். துடைக்கவும் விடவில்லை.

அப்பா: மாதச் செலவையும் சொல்லிவிடுகிறேன். சேனல் விலை தனி, இணைப்புக் கட்டணம் தனி. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில் இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. ஒரே வீட்டில் இரண்டாவது டிவிக்கு அதில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020-இல் திருத்தினார்கள். 2024-இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே கூடுதல் பெட்டிக்கு என்ன வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணச் சேனல்களுக்குப் பெட்டிக்குப் பெட்டி பணம். என் கருத்து, மூன்று அறைக்கும் போடுவது வீண். நடந்து போய்ப் பார்க்கக்கூடியவர்களுக்குப் பட்டாசாலையில் ஒன்று போதும். எழுந்து வரமுடியாத ஒருவருக்கு மட்டும் இன்னொன்று.

பெரிய அத்தை: அதுதான் சரி.

முத்து: ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் அதில் வருமா?

அம்மா: ஐயோ.

சித்தி: இந்த வருடம் அவளால் போகமுடியாதே. நான் நினைக்கவே இல்லை.

அம்மா: வாகையடி முக்கில் அவளுக்கென்று ஒரு படி உண்டு. காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளையார் தேர், முருகன் தேர், சுவாமி தேர், அம்மன் தேர், சண்டிகேசுவரர் தேர் என்று ஐந்தும் போனபிறகுதான் எழுந்திருப்பாள். வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். நான் பிரசவத்துக்கு வந்திருந்த வருடம்கூட என்னை அத்தையிடம் விட்டுவிட்டுப் போய்விட்டு வந்தாள்.

சின்ன மாமா: கைபேசியில் நேரலை பார்க்கலாமே.

பெரிய அத்தை: இடது கண்ணில் புரை இருக்கிறது தம்பி. கைபேசியில் தேர் எறும்பு மாதிரித்தான் தெரியும்.

அப்பா: நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். டிஷ் வேண்டாம். தேரோட்டத்தைக் காலையிலிருந்து நிலைக்கு வரும்வரை முழுதாகக் காட்டுவது உள்ளூர் கேபிள் சேனல்தான். கேபிள்காரர் தம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கம்பியில் விடுகிற சேனல் அது. செயற்கைக்கோளுக்குப் போவதில்லை, ஆகவே டிஷ்ஷில் வராது. இரட்டை வாய் போட்டாலும் நான்கு வாய் போட்டாலும் வராது. பட்டாசாலை டிஷ் அப்படியே இருக்கட்டும். அரங்கு வீட்டுக்கு மட்டும் ஒரு கேபிள் இணைப்பு. தெருக் கம்பத்திலிருந்து பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தால் ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போதும். சுவரைத் தொடவேண்டாம்.

பெரிய மாமா: மாப்பிள்ளை சொல்வது சரி.

அம்மா: அண்ணன் அப்படிச் சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆயிற்று.

பெரிய மாமா: 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதை வேண்டாம் என்று நிறுத்தி டிஷ் போட்டது யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

சின்ன மாமா: நான்தான் அண்ணா. அப்போது அது நல்லதென்று நினைத்தேன். தேர் அன்றைக்கு நான் வருகிறேன். விடுப்பு சொல்லிவிடுகிறேன்.

பெரிய மாமா: போன வருடமும் சொன்னாய்.

சின்ன மாமா: டிக்கெட் எடுத்துவிட்டு இங்கேயே படம் அனுப்புகிறேன்.

சித்தி: மதினி, சொதிக்கு முருங்கைக்காய் போடுவீர்களா? அம்மாவுக்கு அது இருந்தால்தான் பிடிக்கும்.

பெரிய அத்தை: போடாமல் இருப்பேனா.

நான்: டிவி எத்தனை அங்குலம்? யார் வாங்குவது?

அப்பா: கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் ஏழு அடி. 32 போதும். தலையணையில் சாய்ந்தபடி பார்ப்பார்கள், ஆகவே கொஞ்சம் உயரத்தில் மாட்டி முன்னால் சாய்க்க வேண்டும்.

சின்ன மாமா: டிவி என் பொறுப்பு.

அம்மா: பாதி நாங்கள் தருகிறோம்.

பெரிய மாமா: என் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு நான் வாங்கமாட்டேனா?

அம்மா: சரி, நேரில் பேசிக்கொள்வோம்.

முத்து: கேபிள்காரரிடம் பேசிவிட்டேன். வியாழன் காலை வருகிறார். ஆனால் எதிர்ச்சுவரில் தாத்தாவின் மர அலமாரி நிற்கிறது. உள்ளே வெண்கலப் பாத்திரம் எல்லாம் இருக்கிறது. காலி செய்யாமல் நகர்த்தமுடியாது.

பெரிய மாமா: பூட்டியிருக்கிறது.

அம்மா: சாவி?

பெரிய அத்தை: என்னிடம் இல்லை.

பெரிய மாமா: என்னிடமும் இல்லை.

சித்தி: என்னிடம் இருக்கிறது. அப்பாவின் பதினாறாம் நாள் அன்று எடுத்துவந்தேன். புதன் இரவு பஸ்ஸில் வருகிறேன். ஆச்சியிடம் இப்போது சொல்லவேண்டாம் முத்து.

முத்து: சொல்லிவிட்டேன் அத்தை. உங்களுக்கும் சேர்த்துச் சொதி வைக்கச் சொல்கிறாள்.